நடுவானில் ஒரு மரியாதை

சொல்வதற்கு முன்னால் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன் சார். இந்தக் கதையை நானே பல வருஷமாக முழுசாக நம்பவில்லை. நம்பாமலேயே ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். கல்யாண வீட்டில், காதுகுத்தில், ஒரு தடவை கருமாதி வீட்டில்கூட. சொல்லும்போது சிரிப்பு வரும். வீட்டுக்கு வந்து படுத்தால் சந்தேகம் வரும்.

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். "ப்ளேன் ரொம்ப ஆடுமா சார்?" என்று கேட்டீர்கள். முதல் பயணம், மகனைப் பார்க்கப் போகிறீர்கள், மணப்பாறைக் கடையை மச்சினனிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். பயம் இருக்கத்தான் செய்யும். ஆடும் சார். கண்ணாடிக்கு வெளியே பாருங்கள், திருச்சி வானம் எப்படிக் கறுத்துக் கிடக்கிறது! அதனால்தானே நம்மை இங்கே உட்கார வைத்திருக்கிறார்கள். ஆனால் ஆடினால் விழாது. நான் இதைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன், அந்தப் பயணத்துக்கு அப்புறம். இறக்கை வளையும். ஒடிந்துவிடும் போலத்தான் தெரியும். ஒடியாது, வளைவதற்காகவே செய்தது. ஒரு முறுக்கு டின்னை எடுத்து நன்றாகக் குலுக்குங்கள். டின்னுக்கு என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. உள்ளே இருக்கிற முறுக்கு என்ன ஆகும்? அவ்வளவுதான் விஷயம். பெல்ட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் நீங்களும் டின்னோடு சேர்த்திதான்.

சரி, கதை. அதோ, மூன்று நாற்காலி தள்ளி, அரக்குப் புடவை, மடியில் பை, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு ஒரு அம்மா உட்கார்ந்திருக்கிறார் இல்லையா? என் மாமியார். பெயர் சிவபாக்கியம். எனக்கும் அவருக்கும் சண்டை எதுவும் கிடையாது. எங்கள் அறந்தாங்கிப் பக்கத்துப் பழைய வழக்கம் அது. மாமியார் மாப்பிள்ளை முன்னால் உட்கார மாட்டார். நேருக்கு நேர் பேச மாட்டார். இப்போதெல்லாம் யார் பார்க்கிறார்கள்? என் தம்பி மாமியார் அவனோடு கேரம் விளையாடுகிறார், தோற்றால் திட்டவும் செய்கிறார். ஆனால் என் மாமியார் விடவில்லை. வாசலில் நான் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டாலே எழுந்துவிடுவார். காய்ச்சலில் கிடந்தாலும் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் என் மனைவி தமயந்தியிடம் சொல்வார். தமயந்தி இல்லையென்றால் பூனையிடம் சொல்வார். "மாப்பிள்ளைக்குக் காபி ஆறிப்போவுதுன்னு யாராச்சும் சொன்னாத் தேவல." பூனைக்குச் சொன்னது. நான் குடித்துவிடுவேன்.

பொது இடம் என்றால் மூன்று நாற்காலி தள்ளி, முகத்தைத் திருப்பி உட்காரலாம் என்று அவராகவே ஒரு சட்டம் வைத்திருக்கிறார். ஆனால் நான் எழுந்தால் எழுவார். வேண்டுமானால் காட்டுகிறேன். இதோ, எழுகிறேன். பார்த்தீர்களா? திரும்பிப் பார்க்கவே இல்லை, எழுந்துவிட்டார்! எப்படித் தெரிகிறது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. சரி சரி, உட்கார்ந்துவிட்டேன். அவரும் உட்காரட்டும். மூட்டுவலிக்காரி.

ஆச்சு, பத்துப் பதினோரு வருஷம். என் மைத்துனன் திருமேனி சிங்கப்பூரில் இருக்கிறான். அவன் பெண்டாட்டிக்குப் பிரசவ நேரம். தமயந்தி முன்னாடியே போய்விட்டாள். அத்தையை அழைத்துக்கொண்டு போகிற பொறுப்பு எனக்கு. நாங்கள் இரண்டே பேர், நடுவில் பூனைகூட இல்லை.

டிக்கெட்டில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. அத்தை உட்கார மாட்டேன் என்று வழியில் நின்றுவிட்டார். பின்னால் வரிசை வாசல் வரைக்கும் நிற்கிறது. விமானப் பணிப்பெண் வந்து, "உட்காருங்கம்மா, எல்லாரும் வெய்ட் பண்றாங்க" என்றாள்.

"மாப்பிள்ளை பக்கத்துல நான் எப்படித் தாயி உட்கார்றது?"

"இது உங்க சீட்டுதாம்மா."

"சீட்டு என்னுதுதான். பக்கத்துல இருக்கிறவரு யாரு? அதைச் சொல்லு."

பின்னாலிருந்து ஒருத்தன், "பெரியம்மா, நீங்க பைலட் பக்கத்துல போய் உட்காருங்க, நாங்க ஊருக்குப் போகணும்" என்றான். விமானமே சிரித்தது. எனக்கு மானம் போயிற்று. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, பொய் சொல்வானேன். கடைசியில் ஒரு புண்ணியவான் இடம் மாற்றிக்கொண்டார். நடைவழிக்கு இந்த ஓரம் நான், அந்த ஓரம் அத்தை. நடுவில் ஒன்றரை அடி அகல வழி. அது போதும் அவருக்கு, காவிரிக்கு அக்கரை இக்கரை மாதிரி.

பெல்ட்டை எப்படி மாட்டுவது, எப்படிக் கழற்றுவது என்று அந்தப் பெண் செய்து காட்டினாள். யார் சார் அதைப் பார்க்கிறார்கள்? அத்தை பார்த்தார். முதல் பெஞ்சுப் பிள்ளை மாதிரி பார்த்தார். மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். அப்புறம் வயிற்றோடு வயிறாக இறுக்கிக்கொண்டார். நான் சொன்னேன், "அத்தை, அதெல்லாம் ஏறும்போதும் இறங்கும்போதும்தான். நடுவுல சும்மா தளர்த்தி விட்டுக்கலாம்." அத்தை முன் இருக்கையின் முதுகைப் பார்த்து, "கட்டிக்கிட்டே இருந்தா நல்லதுன்னு அந்தப் புள்ள சொல்லுச்சு" என்றார்.

நான் மின்வாரியத்தில் இருக்கிறேன் சார், செயற்பொறியாளர். கம்பத்தில் ஏறுகிற ஆள் இடுப்புப் பட்டை மாட்டவில்லை என்றால் கீழே நின்றே கத்துவேன். ஏறினவனை இறக்கி, மாட்ட வைத்து, மறுபடி ஏற்றுவேன். பாதுகாப்பு விஷயத்தில் நான் ரொம்பக் கறார், எங்கள் கோட்டத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். ஆனால் விமானம் வேறு இல்லையா? அங்கே யார் கம்பத்தில் ஏறுகிறார்கள்? சோபா மாதிரி இருக்கிறது, உட்கார்ந்திருக்கிறோம்.

மேலே போனதும் எனக்குப் பாத்ரூம் போக வேண்டும் போல இருந்தது. அப்போதே சர்க்கரை ஆரம்பம். எழுந்தேன். அந்த ஓரத்தில் 'க்ளிக்' என்று சத்தம். அத்தை எழுந்து நிற்கிறார், தலை குனிந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு. நான் போனேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். அத்தை உட்கார்ந்தார். 'க்ளிக்.' கொஞ்ச நேரம் கழித்து, பையில் இருந்து கண்ணாடி எடுக்க எழுந்தேன். 'க்ளிக்.' பணிப்பெண் ஓடி வந்தாள். "சார், நீங்க எழுந்திரிச்சா அவங்களும் எழுந்திரிக்கிறாங்க. தயவுசெஞ்சு எழாதீங்க." என்ன அநியாயம் பாருங்கள். மரியாதை கொடுக்கிறது அவர், அதட்டு வாங்குகிறது நான்.

அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் முடியும்? மறுபடி போனேன். அத்தை நின்றார். நான் போய்ச் சேர்ந்ததும் உட்கார்ந்திருப்பார். உள்ளே இருக்கும்போதே லேசாக ஆட ஆரம்பித்தது. வெளியே வந்தேன், மணி அடித்தது, பெல்ட் விளக்கு எரிந்தது. அந்தப் பெண் தன் இருக்கையில் பெல்ட்டை மாட்டிக்கொண்டே, "சார், ஓடிப் போய் உட்காருங்க, உடனே!" என்று கத்தினாள். என் மகள் வயது. அவ்வளவு பேர் முன்னால். ஓடுவதா? மாமியார் பார்த்துக்கொண்டிருக்க ஒரு மாப்பிள்ளை விழுந்தடித்து ஓடி வருவதா? நிதானமாகத்தான் வந்தேன். என் இருக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்று சட்டையை உள்ளே விட்டுச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

அப்புறம் தரை இல்லை சார்.

தரை இருந்தது. என் காலுக்குக் கீழே இல்லை. என் தலை மேல்கூரையில் இடித்தது. கண்ணுக்கு முன்னால் ஒரு காபி, கோப்பை இல்லாமல் காபி மட்டும், போகிறது. செருப்பு ஒன்று போகிறது. யாரோ முருகா என்கிறார்கள், யாரோ மாதாவே என்கிறார்கள், அத்தையைக் கிண்டல் செய்தானே, அவன் அம்மாவைக் கூப்பிட்டு அழுகிறான். நான் தொப்பென்று வழியில் குப்புற விழுந்தேன். எழுந்திருக்கக் கை ஊன்றினேன். மறுபடி ஒரு வீழ்ச்சி, முதலாவதைவிடப் பெரியது. ஆனால் இந்தத் தடவை நான் மேலே போகவில்லை. என் தலையும் தோளும் என் முன் இருக்கைக்கு அடியில் செருகிக் கிடந்தன. அலமாரிக்கு அடியில் பாயைச் செருகி வைப்போமே, அப்படி. மேலே 'மடார்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது.

அவ்வளவுதான். நின்றுவிட்டது. விமானம் ஒன்றுமே நடக்காத மாதிரி போய்க்கொண்டிருந்தது. நான் வெளியே வந்து இருக்கையில் ஏறி முதல் வேலையாகப் பெல்ட்டைப் போட்டேன். அதுதானே விதி? அப்புறம் திரும்பிப் பார்த்தால் அத்தை வழியில் கிடக்கிறார், ஒரு கையால் தோளைப் பிடித்துக்கொண்டு. அந்தப் பணிப்பெண் இருக்கைகளைப் பிடித்துப் பிடித்து வந்து, அவரைத் தூக்கி உட்கார வைத்து, பெல்ட்டை மாட்டினாள். நல்ல பெண். அத்தை அவளிடம் கேட்ட முதல் வார்த்தை: "மாப்பிள்ளைக்கு அடி பட்டுருச்சான்னு பாரு தாயி."

எனக்கு ஒன்றும் இல்லை, நெற்றியில் ஒரு புடைப்பு. அவருக்குக் காறை எலும்பு முறிந்துவிட்டது. சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். திருமேனி ஓடி வந்தான்.

"ஏம்மா, அத்தனை பேரு பெல்ட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கான், நீ மட்டும் எதுக்கு எழுந்தே?"

"மாப்பிள்ளை நின்னாருடா. நான் எப்படி உட்கார்ந்திருக்கிறது?"

திருமேனி என்னைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். சிரிக்க ஆரம்பித்துவிட்டான். "மச்சான், உங்களுக்கு மரியாதை குடுக்கப் போயி எங்கம்மா எலும்பை ஒடிச்சுக்கிட்டு வந்திருக்கு! இதுக்கு மேல ஒரு மாப்பிள்ளைக்கு என்ன மச்சான் வேணும்?" நான் சிரித்தேன். தமயந்தி அழுதுகொண்டே சிரித்தாள். அன்றைக்குப் பிறந்த கதைதான் இது. ஊருக்குத் திரும்புவதற்குள் கதை எங்களுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்கப்புறம் எந்த விசேஷத்துக்குப் போனாலும் எனக்குத் தனி மதிப்பு. "மாமியாருன்னா சிவபாக்கியம் மாதிரி இருக்கணும்" என்று பெரிசுகள் சொல்லும். மற்ற மாப்பிள்ளைகள் தங்கள் மாமியாரைத் திரும்பிப் பார்ப்பார்கள். சொந்தத்தில் இருக்கிற அத்தனை மாமியார்களுக்கும் என்னைக் கண்டாலே ஆகாது.

சந்தேகம் எங்கே வந்தது என்றால், அந்தச் சட்டையில் வந்தது. தமயந்தி துவைக்க எடுத்தவள் கொண்டுவந்து காட்டினாள். பின் காலர் பிய்ந்து தொங்குகிறது. மேல் பட்டன் இரண்டும் இல்லை. "என்னங்க இது, யாரோ கொத்தாப் புடிச்சு இழுத்த மாதிரி இருக்கு?" என்றாள். கீழே விழுந்ததில் எங்காவது மாட்டியிருக்கும் என்றேன். பிடரியில் எரிந்தது, கண்ணாடியில் பார்த்தால் நகக் கீறல்.

நான் பொறியாளன் இல்லையா, யோசிக்காமல் இருக்க முடியுமா? என்னைப் பார்த்ததும் மரியாதைக்கு எழுந்தவர் என்றால், முதல் வீழ்ச்சியிலேயே என்னோடு சேர்ந்து கூரைக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கூரையில் நான் மட்டும்தான் இருந்தேன், நன்றாக நினைவிருக்கிறது. இரண்டாவதில்தான் அவர் மேலே போனார். அப்படியென்றால் நடுவில்தானே பெல்ட்டைக் கழற்றியிருக்கிறார்? நான் வழியில் குப்புறக் கிடக்கும்போது? கிடக்கிற ஆளுக்கு யாராவது எழுந்து மரியாதை செய்வார்களா? அப்புறம், தானாக விழுகிற மனுஷன் அவ்வளவு கச்சிதமாகப் போய் ஒரு இருக்கைக்கு அடியில் செருகிக்கொள்வானா?

தமயந்தியிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "ஒருவேளை உங்கம்மா என் காலரைப் புடிச்சு..." முடிக்கவில்லை, வாயைப் பொத்தினாள். "எங்கம்மாவா? மாப்பிள்ளை சட்டையைப் புடிச்சாங்களா? நல்லா இருக்கே! வெளியில சொல்லிடாதீங்க, எங்கம்மா அப்புறம் ஊர்ல நடமாட முடியாது." அது சரிதான். மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்து இழுத்துத் தரையில் போட்டு, காலாலோ கையாலோ தள்ளி இருக்கைக்கு அடியில் செருகினேன் என்று எந்த மாமியார் சொல்வார்? அதனால் நானும் விட்டுவிட்டேன். திருமேனி சொல்கிற கதையையே சொல்லிக்கொண்டு வந்தேன். எனக்கும் அது வசதியாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள், அவருடைய மானத்துக்காகத்தான். அப்படித்தான் நினைக்கிறேன்.

அந்தத் தடவை ஊர் திரும்பினதோடு சரி, இத்தனை வருஷம் அத்தை விமானம் ஏறவில்லை. இப்போது திருமேனி அங்கே சொந்த வீடு வாங்கியிருக்கிறான். பால் காய்ச்ச அம்மா வந்தே ஆக வேண்டும் என்கிறான். அவருக்கும் ஆசை. எலும்பு டாக்டரிடம் அழைத்துப் போனேன். எலும்பெல்லாம் மெலிந்துவிட்டது, அப்பளம் மாதிரி இருக்கிறது, பயணம் போகட்டும், ஆனால் இன்னொரு அடி விழுந்தால் இந்த அம்மா எழுந்து நடக்க மாட்டார் என்று சொல்லிவிட்டார். இந்தத் தடவையும் முன்னாடியே போய்விட்ட தமயந்தி போனில் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள், "எங்கம்மாவை முழுசாக் கொண்டுவந்து சேர்த்துடுங்க."

இப்போது என் நிலைமையை யோசித்துப் பாருங்கள் சார். வெளியே அந்த மேகம். நான் சர்க்கரைக்காரன், சிங்கப்பூர் வரைக்கும் எழாமல் இருப்பேன் என்று சத்தியம் செய்ய முடியாது. காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை, நீங்கள் கொடுத்த டீயைக்கூட ஏன் வேண்டாம் என்றேன் என்று இப்போது புரிகிறதா? அத்தை சொல்கிற கதை உண்மையென்றால் நான் எழவே கூடாது. பொய்யென்றால் அதைவிட எழக் கூடாது. எது என்று தெரியாமல் எப்படி ஏறுவது?

அதனால் நீங்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் கேட்டேவிட்டேன். நேராக அவர் முன்னால் போய் நின்றேன். எழுந்துவிட்டார். உட்காருங்கள் என்றேன், உட்காரவில்லை. இரண்டு பேரும் நின்றோம், ரயிலுக்கு வழியனுப்ப வந்தவர்கள் மாதிரி.

"அத்தை, அன்னைக்கு நீங்க எதுக்கு எழுந்தீங்க?"

கையிலிருந்த பையைப் பார்த்துக்கொண்டு அந்தப் பையிடம் சொன்னார், "எத்தனை தடவை சொல்றது? மாப்பிள்ளை நின்னாரு. எழுந்தேன்."

"அப்ப என் காலர் எப்படிக் கிழிஞ்சுது?"

"பழைய சட்டையா இருந்திருக்கும்."

"அந்த வருஷத் தீபாவளிக்கு நீங்க எடுத்துக் குடுத்த சட்டை அத்தை."

"அந்தக் கடைத் துணியே அப்படித்தான். ரெண்டு தண்ணி தாங்காது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் உதட்டோரம் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது, முந்தானையை வைத்து மறைத்துக்கொண்டார். சரி, இது ஆகிற காரியம் இல்லை என்று டாக்டர் சொன்னதை எடுத்துச் சொன்னேன். "இன்னைக்கு ப்ளேனுக்குள்ள நான் நின்னாலும் போனாலும் வந்தாலும் நீங்க எழக் கூடாது. எனக்கு வாக்குக் குடுக்கணும்." பெரிய வாக்குவாதம் வரும், தமயந்தியைப் போனில் கூப்பிட வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். இத்தனை வருஷத்து வழக்கம் இல்லையா? அத்தை யோசிக்கக்கூட இல்லை. "டாக்டரு சொன்னா சரி. உள்ள நான் எழலை. இறங்குனதுக்கு அப்புறம் சேத்து வெச்சு நின்னுக்கறேன்" என்று பையிடம் சொன்னார். அவ்வளவு சுலபமாக! காய்ச்சலில்கூட விடாத மரியாதையை, ஒரு மூச்சில் விட்டுக்கொடுத்துவிட்டார்.

எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். என் நாற்காலிக்குத் திரும்பியிருக்க வேண்டும். இரண்டு எட்டு வைத்தவன் நின்று, திரும்பி, இன்னும் ஒன்று கேட்டேன்:

"சரி அத்தை, நான் நின்னா எழ மாட்டீங்க. நான் விழுந்தா, அந்த பெல்ட்டைக் கழட்டாம இருப்பீங்களா?"